முள் குத்திய பக்கங்கள்

வெனிலாக் கொடியில் ஒரு பூ ஒரே ஒரு காலைதான் திறந்திருக்கும். மதியத்துக்குள் துவண்டுவிடும். அதற்கு முன்னால் அதைக் காய்க்கவைக்க வேண்டும். நடுக்கடலிலுள்ள எங்கள் வவாவு தீவில் அந்த வேலையைச் செய்யும் வண்டு கிடையாது, மனிதக் கைதான் வண்டு. இடது கையால் பூவைப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருக்கும் எலுமிச்சை முள்ளால் அதன் உதட்டைக் கீறி விலக்கினால், உள்ளே மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே ஒரு சின்னத் தோல் தெரியும். முள்ளின் நுனியால் அந்தத் தோலைத் தூக்கிவிட்டுக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. வேலை முடிந்தது. ஒன்பது மாதத்தில் காய் பறிக்கலாம். தேர்ந்த கை ஒரு காலையில் ஆயிரம் பூக்களைத் தொடும். கெலெபியின் கை ஆயிரத்து இருநூறு தொடும்.

கெலெபிக்கு அப்போது பத்தொன்பது வயது. சட்டைக் காலரில் எப்போதும் நான்கைந்து முட்களைக் குத்தி வைத்திருப்பான். அந்தக் காலரோடுதான் முதலாம் ஆண்டு ஆங்கிலம் படிக்க எங்கள் மையத்துக்கு வந்தான்.

மையம் என்று பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் கடல் தாண்டி வேறு நாட்டில் இருந்தது. நெய்யாஃபு துறைமுகத்துக்கு மேலே, மேட்டில், எங்களுக்கு மூன்று அறைகள். ஒன்றில், அங்கிருந்து நடத்தும் வகுப்புகளைக் காட்டும் திரை. இன்னொன்றில் மையத்தலைவர் ஃபெலெட்டியின் மேசை. மூன்றாவதில் பதினொரு அடுக்கு நூலகமும் ஒரு நகல் இயந்திரமும் நானும். என் பெயர் லோசலீனே. எல்லோருக்கும் லோசா.

முதலாம் ஆண்டு ஆங்கிலத்தில் மூன்று தாள்கள்: மொழி, கட்டுரை எழுதுவது, இலக்கியம். பிள்ளைகள் திணறுவது இரண்டாவதில். அதனால் வருகிற ஒவ்வொருவரையும் நகல் இயந்திரத்தின் பக்கத்தில் உட்காரவைத்து நானே சொல்லிக்கொடுப்பேன். அது என் வேலை இல்லை, எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பத்தியின் முதல் வாக்கியத்தில் நீ என்ன சொல்லப் போகிறாய் என்று சொல். அடுத்து அதற்குச் சாட்சியைக் கொண்டுவா. சாட்சியை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாய் என்று எண் போடு. கடைசியாக, அந்தச் சாட்சி நீ சொன்னதை எப்படி நிரூபிக்கிறது என்று விளக்கு. கடைசிப் படியில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அதுவே பேசிக்கொள்ளும் என்று போய்விடுவார்கள்.

கெலெபி வழுக்கவில்லை. இரண்டாவது வாரமே ஒரு கேள்வியோடு வந்தான்.

"லோசா அத்தை, அடுத்தவன் சொன்னதுக்கு அடுத்தவன் பேரப் போடுறோம். சரி. எனக்கே தோணுனதுக்கு யார் பேரப் போடுறது?"

"ஒன் பேருதான் தாளோட தலையிலேயே இருக்கே."

அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். "அப்ப இதுல பேரு போடாதது எல்லாம் என்னோடதா?"

"ஆமா."

"பெரிய சொத்துதான்" என்றான். அந்த வாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டே திரிந்தான்.

அவனுக்கு அரசாங்க உதவித்தொகை. மூன்று தாளிலும் தேறினால் அடுத்த ஆண்டு கப்பலேறித் தலைமையிடத்துக்குப் போகலாம். அதே ஆண்டு அவன் அக்கா சிலியாவும் அதே மூன்று தாள்களை எடுத்திருந்தாள். இருபத்தேழு வயது. அக்கரையிலுள்ள அவர்கள் கிராமத்துப் பள்ளியில் ஏழு வருடமாகத் தற்காலிக ஆசிரியை. ஆண்டு முடிவதற்குள் மூன்று தாளும் முடிக்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வரும் என்று அமைச்சகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. கெலெபி புதன்கிழமைகளில் திரை வகுப்புக்கு வருவான். சிலியாவுக்கு வார நாளில் பள்ளி, அதனால் சனிக்கிழமை வந்து தானே படித்துக்கொள்வாள். இருவரும் ஒரே நாளில் மையத்துக்கு வந்ததே இல்லை.

இலக்கியத் தாளுக்கு ஒரு நாவல். குளிர்தேசத்து உப்பள ஊர் ஒன்றில், மார்த்தா என்றொரு பெண், பன்னிரண்டு வருடம் புருஷனோடு வாழ்ந்துவிட்டு ஒருநாள் ஊரைவிட்டுப் போகிற கதை. எங்களுக்கு இரண்டு பிரதிகள் அனுப்பியிருந்தார்கள். ஒன்று கட்டடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. இன்னொன்று படகேறி வருகிறவர்களுக்கு, பருவம் முழுக்கக் கடன். அதை சிலியா பெயரில் எழுதி அந்த வீட்டுக்குக் கொடுத்தேன்.

*

அவர்களுடைய அம்மா தோகாசே எனக்குத் தேவாலயப் பாட்டுக்குழுத் தோழி. புருஷன் கடலோடு போய் ஏழு வருடம். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் அக்கரைக்குப் போனபோது, அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஊறப்போட்டிருந்த தாழை இலைக் கட்டுகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். வேகவைத்த இலையைக் கட்டாகக் கட்டிக் கல் ஏற்றிக் கடலில் பத்து நாள் போட்டுவைத்தால், உப்பு அதன் பச்சையை உறிஞ்சிவிடும். காயவைத்தால் வெள்ளைவெளேர் என்று பாய்க்கு வரும்.

"சும்மா நிக்காத லோசா. இந்தக் கட்டப் புடி. படிச்சவங்க கைக்கும் உப்பு ஒட்டும்."

பிடித்தேன். கட்டுகளை இழுத்துக்கொண்டு சமையல் குடிசைக்கு வந்தோம். சேப்பங்கிழங்கு இலையில் தேங்காய்ப்பாலும் மாட்டிறைச்சியும் மடித்து வேகவைத்தது அடுப்பங்கல்லில் சூடாக இருந்தது. அதன் பக்கத்துப் பலகையில், ஒரு துணியில் சுற்றி, நாவல்.

"இது ஏன் இங்க கெடக்கு?"

"அது அங்கதான் கெடக்கும். காலையில தோட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி அவன் படிப்பான். கெளம்புறப்ப துணியில சுத்தி இங்க வெச்சிட்டுப் போவான். இவ பள்ளிக்கூடம் விட்டு வந்து எடுத்துக்குவா. திரும்ப விடியக்காலம் இதே எடத்துல இருக்கும்."

"இந்தக் காலத்துலயும் கையில குடுத்துக்க மாட்டாங்களா?"

"எதுக்கு? அவன் நம்ம வழக்கப்படி பன்னெண்டு வயசுல பலா மரத்துக்குப் பின்னாடி குடிசைக்குப் போனவன். அக்கா இருக்குற வீட்டுக்குள்ள வாசப்படிக்கு மேல கால வெச்சதில்ல. நல்ல புள்ள." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டும் வாயால பேசிக்கிறதவிட அந்தப் பொஸ்தகத்துலதான் ஜாஸ்தி பேசிக்குது. இவன் பென்சில்ல கோடு போடுவான். இவ பக்கத்துல ஒரு கேள்வி எழுதுவா. மறுநாளு இவன் பதில் எழுதுவான். நான் பாத்திருக்கேன். எனக்குப் படிக்கத்தான் தெரியல, கையெழுத்து ரெண்டுன்னு தெரியும்."

"வீட்ல டிவி இருக்கே, அத சேந்து பாப்பாங்களா?" என்று சீண்டினேன்.

தோகாசே வாய்விட்டுச் சிரித்தாள். "நல்லாக் கேட்ட. அவன் வாசலுக்கு வெளிய ஒக்காந்து பாப்பான். டிவியில ஒரு ஆளு ஒரு பொண்ணு பக்கத்துல போயி நின்னாப் போதும், 'பன்னியப் பாத்துட்டு வரேம்மா'ன்னு எழுந்திருவான். எங்க வீட்டுப் பன்னி மாதிரி கவனிப்பு இந்தத் தீவுல எந்தப் பன்னிக்கும் கெடையாது."

நானும் சிரித்துக்கொண்டே துணியை விலக்கி நாவலைப் புரட்டினேன். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. அவனுடையது சாய்ந்தது, அவளுடையது கரும்பலகையில் எழுதுவதுபோல நிமிர்ந்தது. 'இந்த மாமியார் நம்ம சித்தி மாதிரியே இருக்கா' என்று அவள். 'சித்தி இதைவிட மோசம், பக்கம் 60 பாருங்க' என்று அவன். நூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்துக்குப் பிறகு புத்தகம் திறக்கவில்லை. நூற்று நாற்பத்தொன்றிலிருந்து நூற்று ஐம்பத்திரண்டு வரை ஆறு தாள்களையும் சேர்த்து, மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று எலுமிச்சை முட்கள். தையல்போல உள்ளே போய் வெளியே வந்திருந்தன.

படகுக்குத் திரும்பும்போது கெலெபி துறையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். கேட்டேன்.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "அது அக்காவுக்கு வேணாம் அத்தை."

"நீ படிச்சியா?"

"நாலு வரி. அப்புறம் மூடிட்டேன்."

"நீ ஏன்டா மூடுன? ஒனக்கு அது பாடமாச்சே."

"முழுசாப் படிச்சிட்டு, அந்தப் பொஸ்தகத்தையே அக்கா எடுக்குற எடத்துல எப்படிக் கொண்டுபோயி வெக்கிறது?"

"மையத்துல இன்னொண்ணு இருக்கு. அங்க வந்து படி."

"வரேன்" என்றான்.

வரவில்லை. மறுவாரமே வெனிலா பூத்துவிட்டது. ஒரு காலை தவறினால் ஒரு காய் போனது என்று கணக்கு. மூன்று வாரம் அவன் கொடிகளுக்கு நடுவேதான் இருந்தான். அந்த மூன்று வாரத்தில்தான் திரை வகுப்பில் அந்த அத்தியாயத்தை நடத்தினார்கள். எனக்கு அது தெரியும். சொல்லியனுப்பியிருக்கலாம். நகல் இயந்திரம் பழுதாகியிருந்தது, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

*

கட்டுரைக் கேள்வியை நான்தான் நகலெடுத்துக் கொடுத்தேன். 'மார்த்தா ஏன் ஊரைவிட்டுப் போகிறாள்? நாவலிலிருந்து சாட்சி காட்டி எழுதுக.' ஆயிரத்து இருநூறு சொற்கள்.

கெலெபி கையால் எழுதினான். வீட்டில் இருந்தது ஒரே ஒரு மடிக்கணினி, அதுவும் சிலியாவின் பள்ளிக்கூடத்துடையது. அவன் எழுதிய தாள்களைச் சமையல் குடிசைப் பலகையில் வைப்பான், அக்கா தட்டச்சு செய்து தருவாள். இரண்டு கட்டுரையும் ஒரு சனிக்கிழமை என் மேசையிலிருந்தே கடல் தாண்டிப் போயின.

போன இடத்தில் ஒரு மென்பொருள் இருக்கிறது. எல்லாக் கட்டுரைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதுபோல, ஒத்துப்போகிற வரிகளுக்கெல்லாம் நிறம் பூசிக் காட்டும். எந்த நிறம் எதனால் வந்தது என்று அதற்குத் தெரியாது. நிறம் பூசுவதோடு அதன் வேலை முடிந்துவிடும், மற்றது மனிதர் பார்க்க வேண்டும். இந்த இரண்டு கட்டுரையிலும் ஏழு மேற்கோள்கள் நிறத்தில் வந்தன. ஏழும் ஒன்றே. அதைவிட, இரண்டும் ஒரே முடிவுக்கு வந்திருந்தன: மாமியாரின் கொடுமை தாங்காமல் மார்த்தா யாரிடமும் சொல்லாமல் ஓடிப்போனாள். அந்த ஆண்டு நாவலைப் படித்த மற்ற எழுபது பேரில் ஒருவர்கூட அப்படி எழுதவில்லை.

நவம்பர் முதல் வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு விசாரணை. ஃபெலெட்டி நடுவில் உட்கார்ந்தார். குறிப்பெடுக்க என்னைக் கூப்பிட்டார். சிலியா பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு, பெரியவர்கள் முன் நிற்கும்போது கட்டும் பாயை இடுப்பில் கட்டி முறையாக வந்திருந்தாள். கெலெபியும் இடுப்புப் பாயோடு வந்தான், அறையின் மறுகோடியில், கதவை ஒட்டி உட்கார்ந்தான். முதல் தடவையாக இருவரும் மையத்தில் ஒரே அறையில்.

திரையில் இலக்கியத் தாளின் பேராசிரியை டாக்டர் ஹார்ட்லி. நரைத்த தலை, அன்பான முகம். அவர் குரல் எங்களை வந்துசேர இரண்டு நொடி ஆகும். வாய் அசைந்து முடிந்த பிறகு சொல் வரும்.

"ரெண்டு பேரும் பயப்பட வேணாம். எனக்கு வெளங்கணும், அவ்வளவுதான். ஏழு மேற்கோளும் எப்படி ஒண்ணா வந்துச்சு?"

சிலியா எழுந்தாள். "எங்களுக்கு ஒரே பொஸ்தகம் டாக்டர். தம்பி போட்ட கோடு. நானும் அதையே எடுத்துக்கிட்டேன். கட்டுரை நானா எழுதுனது."

"சரி, அத நான் ஒத்துக்குறேன். ஒக்காருங்க சிலியா. ஆனா எனக்கு இன்னொண்ணு வெளங்கல. நூத்தி நாப்பத்திரண்டுல இருந்து நூத்தி அம்பத்தொண்ணு வரைக்கும் ஒருத்தருமே தொடல. கேள்விக்குப் பதிலே அங்கதான் இருக்கு. ரெண்டு பேரும் ஒரே எடத்துல குதிச்சு ஒரே எடத்துல எறங்கியிருக்கீங்க. ஒண்ணு செய்யலாம். அந்தப் பக்கங்கள்ல என்ன நடக்குதுன்னு ரெண்டு பேருல யாராவது எனக்குச் சொல்லுங்க. இல்ல, ஏன் விட்டீங்கன்னு சொல்லுங்க. எதுவானாலும் சரி. இத இத்தோட முடிச்சிர்றேன்."

அந்த அம்மாள் நல்ல மனத்தோடு கதவைத் திறந்துதான் விட்டார்.

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் ஒரு படகின் மோட்டார் இருமி இருமி நின்றது. சிலியா தரையைப் பார்த்தாள். கெலெபி கதவுச் சட்டத்தைப் பார்த்தான். ஃபெலெட்டி பேனா மூடியைத் திருகினார், மூடினார். மூன்று முட்கள் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்து எதற்கு முள் என்று சொல்ல வேண்டும். ஒரு அக்காவும் அவள் தம்பியும் உட்கார்ந்திருக்கும் அறையில் ஆண்-பெண் விவகாரப் பேச்சை நான் பிறந்ததிலிருந்து யாரும் எடுத்துக் கேட்டதில்லை. அவர்கள் மட்டுமல்ல, நாங்களும் எடுக்கக் கூடாது.

"டைம் எடுத்துக்கங்க" என்றது திரை.

கெலெபி எழுந்தான். "நான் அக்காவோடதப் பாத்து எழுதுனேன்."

சிலியா, "இல்ல..." என்று தொடங்கினாள்.

"அக்காவுக்குத் தெரியாது. அவங்க பள்ளிக்கூடம் போனப்ப எடுத்துப் பாத்தேன்."

தன் அக்காவின் பேச்சை அவன் குறுக்கே வெட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சிலியா வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் ஹார்ட்லியின் முகம் வாடியது. இரண்டு நொடி கழித்து அவர் பெருமூச்சு வந்துசேர்ந்தது. விதிப்படி அவனுக்குத் தாளில் சுழியம், உதவித்தொகைக் குழுவுக்கு அறிக்கை. சிலியாவின் கட்டுரையை அதன் தகுதிக்குத் திருத்துவார்கள். ஃபெலெட்டி தாளை நீட்டினார். கெலெபி அழகான சாய்ந்த எழுத்தில் கையெழுத்துப் போட்டான்.

அவர்கள் போன பிறகு ஃபெலெட்டி திரையை அணைத்தார்.

"லோசா, அந்தப் பக்கத்துல என்ன இருக்குன்னு நீ படிச்சிருக்கியா?"

"இல்ல சார். நீங்க?"

"நானும் இல்ல. ஆனா தெரிஞ்சிருச்சு."

"எனக்கும் தெரிஞ்சிருச்சு சார்."

"சிலியாவுக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார். "அந்த வெள்ளக்காரம்மா ஒருத்தருக்குத்தான் தெரியல."

*

ஞாயிற்றுக்கிழமை தோகாசே தேவாலயத்துக்கு வரவில்லை. மறுநாள் போனேன். தாழை இலையைச் சிப்பியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"வா. திருடன் வீட்டுக்கு வந்திருக்க. வள்ளிக்கெழங்கு வெந்திருக்கு, தின்னுட்டுப் போ."

"யாரு சொன்னா திருடன்னு?"

"அவனே சொல்றான். அக்காவோடதப் பாத்து எழுதிட்டேம்மா, வேற எதுவும் கேக்காதன்னு. தோட்டத்துக்குப் போயிட்டான். இவ நாலு நாளா வாயத் தொறக்கல. பத்து வயசுல அடுத்தவன் மரத்துத் தேங்கா விழுந்து கெடந்தாக்கூட எடுக்க மாட்டான் லோசா. இந்தப் படிப்பு வந்துதான் அவனக் கெடுத்துச்சு."

சிலியா பள்ளியில் இருந்தாள். அவன் தோட்டத்தில். அதனால் சொன்னேன். முதலில் முட்கள், பிறகு பக்க எண், பிறகு கேள்வி, பிறகு திரையில் அந்த அம்மாள் கேட்டது. வரிசையாக, ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வந்தது என்று விளக்கிச் சொன்னேன். தோகாசேயின் கை நின்றது. சிப்பியைக் கீழே வைத்தாள்.

"நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன்."

"ஃபெலெட்டியும் இருந்தானா?"

"இருந்தாரு."

"ரெண்டு பேரும் இவ்வளவு படிச்சிருக்கீங்க." அவள் குரல் உயரவில்லை. "அவனக் கொஞ்சம் வெளிய அனுப்பியிருக்கலாமேடி. பன்னியப் பாக்க அனுப்பியிருக்கலாமே. நான் இந்த வீட்ல ஏழு வருசமா அதத்தான செஞ்சிட்டிருக்கேன்."

இதைவிட எளிதான ஒரு காரியம் இருக்க முடியாது. ஒருவர் ஐந்து நிமிடம் முற்றத்தில் நின்றிருந்தால் போதும். அன்று அந்த அறையில் நான்கு பேர் எங்கள் ஊர்க்காரர்கள். நான்கு பேருக்கும் அது தோன்றவில்லை.

திரும்பிய உடனே டாக்டர் ஹார்ட்லிக்குக் கடிதம் எழுதினேன். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே எழுதினேன்: சொல்ல வருவது, சாட்சி, பக்க எண், விளக்கம். எங்கள் ஊரில் அக்கா என்றால் யார், அவள் காதுபடப் பேசக் கூடாதது எது, ஒரு டிவி எப்போது அணைக்கப்படும், ஒரு தம்பி ஏன் பன்றியைப் பார்க்கப் போகிறான் என்று ஆறு பக்கம்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. என் கடிதத்தை இரண்டு முறை படித்ததாகவும், அன்று தான் கேட்ட கேள்வியை நினைத்து வருந்துவதாகவும் எழுதியிருந்தார். ஆனால் பையனே கையெழுத்திட்டிருக்கிறான். விசாரணையை மீண்டும் எடுக்க வேண்டுமானால் நடந்தது இன்னதென்று அவனே எழுத வேண்டும், அதை அக்கா உறுதிசெய்து கீழே கையெழுத்திட வேண்டும். படிவத்தை இணைத்திருந்தார்.

படிவத்தை எடுத்துக்கொண்டு அக்கரைத் தோட்டத்துக்கு நடந்தேன். தென்கிழக்குக் காற்று நின்று போய்ப் புழுக்கமாக இருந்தது. கெலெபி வள்ளிக்கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தான். சட்டைக் காலரில் முள் இல்லை, பூக்காலம் முடிந்திருந்தது.

"பாதிப் பக்கம் போதும்டா. நானே சொல்றேன், நீ எழுது. ஒனக்குக் கப்பல் இன்னும் போயிடல."

அவன் கையை நன்றாகத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கிப் படித்தான். எதையும் அப்படித்தான், கடைசி வரி வரை படிப்பான்.

"இதுல அக்கா பேரும் வரணும்."

"கையெழுத்து மட்டும்தான்."

"நான் எழுதுனத அவங்க படிச்சிட்டுத்தான போடணும்?"

"ஆமா."

"அப்ப அந்தப் பக்கத்துல இன்னது இருந்துச்சு, அதனால முள்ளு குத்துனேன்னு நான் எழுதி, அத அக்கா படிச்சு, அதுக்குக் கீழ அவங்க பேரு." அவன் தாளை மடித்தான். "அதுக்கப்புறம் அந்த வீட்டு வாசல்ல ஒக்காந்து நான் எப்படிச் சாப்புடறது?"

"அவளுக்கு வயசு இருபத்தேழு கெலெபி. அவளுக்கு என்ன தெரியாதா?"

"தெரியும். அவங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். அது வேற. எழுதக் கூடாது அத்தை."

"எல்லாத்தையும் எழுதலாம், பக்க எண் போட்டா போதும்னுதானடா நான் ஒனக்குச் சொல்லிக்குடுத்தேன்."

அவன் சிரித்தான். "அது நல்லா இருந்துச்சு. எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு." தாளை என் கையில் திருப்பித் தந்துவிட்டு அடுத்த குழியை எடுக்கத் தொடங்கினான். மண் ஈரமாக, கறுப்பாக வந்தது. நான் கொஞ்ச நேரம் நின்று கம்பைப் பிடித்துக்கொண்டேன். வேறொன்றும் செய்வதற்கு இருக்கவில்லை.

ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு ஆரஞ்சு பறிக்கப் போகிற பட்டியலில் அவன் பெயர் வந்தது. ஒன்பது மாத வேலை, பிடித்துப்போனால் அடுத்த வருடமும். துறையில் விடைகொடுக்க ஊரே வந்திருந்தது. சிலியா கூட்டத்தின் பின்வரிசையில் நின்றாள். அவன் எல்லோரையும் முத்தமிட்டுவிட்டு, அவள் நின்ற திசையைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து, தலைகுனிந்து, எழுந்து போனான். இரண்டு வாரம் கழித்து தோகாசேயின் தொலைபேசிக்கு அவன் குரல் வந்தது. எனக்கும் போட்டுக் காட்டினாள். "நல்லா இருக்கேம்மா. சோறு உண்டு. இங்க மரத்துக்கு மரம் முள்ளு. லோசா அத்தைகிட்ட சொல்லு."

*

சிலியா மூன்று தாளும் தேறினாள். இலக்கியத்தில் கடைசி மதிப்பெண், ஆனாலும் தேர்ச்சி. பள்ளியில் இடம் நிரந்தரமானது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மழை பிடிக்கும் நேரத்தில், துணியில் சுற்றிய நாவலோடு வந்தாள்.

திரும்பி வரும் புத்தகத்தை அடுக்கில் வைப்பதற்கு முன் பென்சில் எழுத்தை அழிக்க வேண்டும் என்பது விதி. என் மேசையில் அதற்கென்றே பெரிய அழிப்பான் உண்டு. அவள் அதைப் பார்த்தாள்.

"நானே அழிக்கிறேன் அத்தை."

உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் அழிப்பானை வைத்தாள். தம்பியின் சாய்ந்த எழுத்து. அழிப்பான் அங்கேயே நின்றது. பிறகு எடுத்துத் தள்ளி வைத்துவிட்டாள்.

"அன்னிக்கு அந்தம்மா கேட்டாங்கள்ல, என்ன நடக்குதுன்னு சொல்லுங்கன்னு. எனக்குத் தெரிஞ்சா சொல்லியிருப்பேனான்னு தெரியல. ஆனா தெரியவே தெரியாது அத்தை. அவன் முள்ளு குத்தியிருந்தான். நான் தொறக்கல."

"இப்ப அவன் இங்க இல்ல" என்றேன்.

அவள் மூன்று முட்களையும் ஒவ்வொன்றாக உருவி, என் மேசையில் வரிசையாக வைத்தாள். காய்ந்து பழுப்பாகியிருந்தன, ஒன்றும் முறியவில்லை. நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன், அடுக்குகளைத் துடைத்தேன், நகல் இயந்திரத்துக்குத் தாள் வைத்தேன். மழை வந்து தகரத்தில் விழுந்தது. ஆறு தாள். அவள் மெதுவாகப் படித்தாள்.

"படிச்சிட்டேன்."

"என்ன இருக்கு?"

"முதல்ல நாலு வரி." அவள் முகம் சிவந்தது. "அவன் படிச்ச அதே நாலு வரி. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல அத்தை. மார்த்தாவும் புருஷனும் படுத்துக்கிட்டு கூரை ஒழுகுறதப் பத்திப் பேசுறாங்க. பத்துப் பக்கமும் அதுதான். எங்க ஒழுகுது, எந்தப் பலகைய மாத்தணும்னு. கடைசியில அவ புருஷன் சொல்றான், நீ போ, ஒனக்கு இந்த ஊரு பத்தாது, கூரைய நான் பாத்துக்குறேன்னு."

அவள் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள்.

"அவ ஓடிப்போகல" என்றாள். "நாங்க ரெண்டு பேரும் தப்பா எழுதிட்டோம்."

ஒரு சிட்டை எடுத்து, 'பழுது, கடன் கொடுக்க வேண்டாம்' என்று எழுதிப் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்தேன். அப்படி எழுதிவிட்டால் யாரும் அழிக்கச் சொல்ல மாட்டார்கள். பதினொன்றாம் அடுக்கின் அடித்தட்டில் அது பாட்டுக்கு இருக்கும்.

"கொஞ்சம் இருங்க" என்று சிலியா புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கினாள். நூற்று நாற்பத்தொன்றையும் நூற்று ஐம்பத்திரண்டையும் சேர்த்துத் தட்டி ஒழுங்காக்கினாள்.

"அவன் வருவான். வந்தா மொதல்ல இதத்தான் எடுத்துப் பாப்பான். முள்ளு இல்லேன்னா நான் படிச்சிட்டேன்னு தெரிஞ்சிரும்."

முதல் முள்ளை எடுத்துத் தாளின் மேல் வைத்தாள். புதிதாகக் குத்தினால் இரண்டு துளையாகிவிடும். குனிந்து, ஜன்னல் வெளிச்சத்துக்குப் பக்கத்தைச் சாய்த்து, அவன் குத்திய பழைய துளையைத் தேடிக்கொண்டிருந்தாள்.